பட்டாணிக்குச் சோறூட்டியவன்

பணிமனையில் அவனுக்கு ரைட்டு என்று பெயர். மற்ற நடத்துநர்கள் விசில் ஊதுவார்கள். அவன் சட்டைப் பையிலும் ஒரு விசில் இருந்தது, ஆனால் அது எச்சில் படாமலே துருப்பிடித்துக் கிடந்தது. பின்படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு "ரைட்டேய்" என்று ஒரு குரல் கொடுப்பான். அவன் வண்டி மட்டுமல்ல, சில சமயம் பின்னால் நிற்கிற வண்டியும் சேர்ந்து கிளம்பிவிடும்.

கல்யாணம் தள்ளிப்போய்த்தான் நடந்தது. மனைவி பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. மூன்றாவது தங்கியது, ஆனால் நாள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்த மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், "பட்டாணி சைசுலதான் இருக்கா, ஆனா நல்லா உதைக்கிறா" என்று மனைவியிடம் சொன்னான். பிறகு யோசித்து ஒரு நல்ல பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் தடுப்பூசி அட்டையோடு நின்றுபோனது. வீட்டில் அவள் பட்டாணிதான்.

அவனுக்கு முதல் ஷிப்ட். இருட்டோடு எழுந்து போய் மதியத்துக்கு மேல் திரும்புவான். அவளுக்கு இரண்டாவது ஷிப்ட். அவன் மாடி ஏறும்போது அவள் இறங்குவாள். குழந்தை படிக்கட்டில்தான் கைமாறும். வெளிக்குப் போனாளா, சளி எப்படி இருக்கிறது, பால் காய்ச்சி வைத்தாயிற்றா என்று நின்ற வாக்கில் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அதற்குள் கம்பெனி வேன் கீழே ஹாரன் அடிக்கும். புருஷன் பெண்டாட்டி என்று அவர்கள் அந்த வருஷங்களில் பேசியதெல்லாம் பெரும்பாலும் அந்தப் படிக்கட்டில் பேசியதுதான்.

ஆகவே ராத்திரிச் சாப்பாடு ஊட்டுவது அவன் பாடு. அது லேசுப்பட்ட பாடு அல்ல. பட்டாணிக்கு இரண்டரை வயது. முட்டையில் வெள்ளை மட்டும் வேண்டும், மஞ்சள் கரு ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் தட்டு பறக்கும். ரொட்டிக்கு ஓரம் இருக்கக் கூடாது. உருளைக்கிழங்கை மசிக்க வேண்டும், ஆனால் மசித்தது அவளுக்குத் தெரியக் கூடாது. சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வருவாள். விழுங்கிவிட்டாள் என்று நம்பி அடுத்த வாய் எடுத்துப் போனால், முந்தின வாயை அவன் உள்ளங்கையிலேயே துப்புவாள். ஒரு கிண்ணம் சோறு இறங்குவதற்குள் அவனுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

ஒருநாள் அலுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, வாய் தானாகத் தொழிலுக்குப் போய்விட்டது. "ஏறுங்க, ஏறுங்க. உள்ள எடமிருக்கு. முன்னால போங்கம்மா, முன்னால போங்க." பட்டாணி திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவன் ஒரு உருண்டையை வைத்து "ரைட்டேய்" என்றான். விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் வண்டி ஓடியது. அவள் வாய்தான் பேருந்து. உருளைக்கிழங்கு மாமா குண்டு, அவருக்கு இரண்டு சீட்டு வேண்டும். முட்டைப் பாட்டிக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் ஏறுவாள். பருப்பு வாத்தியார் எப்போதும் லேட்டு, கடைசி நேரத்தில் ஓடிவந்து தொற்றிக்கொள்வார். கீழ்வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா, "உங்க வீட்டு வண்டி கிளம்பிடுச்சுன்னா நானும் அடுப்பைப் பத்த வச்சிடுவேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

இதில் மனைவிக்கு மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. விடுமுறை நாளில் அவளும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு "ஏறுங்க, ஏறுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். பட்டாணி வாயை இறுக மூடிக்கொண்டு, மூடிய வாய்க்குள்ளிருந்தே, "நீ கண்டக்டர் இல்ல" என்றாள். அவனும் சிரித்தான், அவளும் சிரித்தாள். பிறகு சமையல் கட்டுக்குப் போய்த் தேவையில்லாமல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

விளையாட்டு வளர்ந்தது. பயணி ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டுமல்லவா? நெரிசலில் பயணிகள் அவன் தலையில் கட்டிவிடும் செல்லாக்காசுகள் ஒரு டப்பா நிறைய வீட்டில் இருந்தன. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு காசு பட்டாணி கையில் கொடுப்பான். அவள் அதை வாங்கிக் காலிப் பவுடர் டப்பாவில் போடுவாள். காசு விழும் சத்தத்துக்காகவே அடுத்த வாய்க்கு வாயைத் திறப்பாள்.

"ஏங்க, காசையெல்லாம் கையில குடுக்காதீங்க. வாயில போட்டுக்கப் போறா" என்று ஒருமுறை படிக்கட்டில் மனைவி சொன்னாள்.

"நான் பக்கத்துலயேதான இருக்கேன்? போ, வேன் வந்துடுச்சு."

அப்படியான ஒரு சாயங்காலம்தான் காசு உள்ளே போனது. இதை இப்போதே சொல்லிவிடலாம். அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் இது தெரிய நாளாயிற்று.

பணிமனையிலிருந்து போன் வந்தது. மறுநாள் வேறொருவன் வரமாட்டானாம், இரட்டை ஷிப்ட் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். அவன் ஜன்னலோரம் நின்று, குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு சத்தம். பட்டாணி முகம் சிவந்து, கண் பிதுங்க இருமிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கிக் கவிழ்த்து முதுகில் தட்டினான். சோறும் கோழையுமாகக் கொஞ்சம் வந்தது. பிறகு ஒரு பெரிய அழுகை. அழுகை வந்ததும் அவனுக்கு உயிர் வந்தது. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். ஒன்றும் இல்லை. பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்தான். காசுகள் கிடந்தன. எத்தனை இருந்தன, எத்தனை இருக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? தண்ணீர் கொடுத்தான், இறங்கியது. சரி, புரையேறியிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அந்த டப்பாவை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தான்.

மனைவியிடம் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாததைச் சொல்லி, 'நான் அப்பவே சொன்னேனா இல்லையா' என்று ஏன் கேட்டுக்கொள்ள வேண்டும்?

மறுநாளிலிருந்து பட்டாணி சோறு சாப்பிடுவதை நிறுத்தினாள்.

வேறெந்தக் குழந்தையாக இருந்தாலும் வீடு உடனே விழித்துக்கொண்டிருக்கும். ஒழுங்காகச் சாப்பிடுகிற பிள்ளை திடீரென்று நிறுத்தினால் யாருக்கும் சந்தேகம் வரும். பட்டாணி சாப்பிடவில்லை என்பது அந்த வீட்டில் ஒரு செய்தியே இல்லை. பால் குடித்தாள். கஞ்சித் தண்ணீர் குடித்தாள். உருண்டையாக எது வந்தாலும் தலையைத் திருப்பினாள். எச்சில் ஒழுகிச் சட்டையின் கழுத்து எப்போதும் நனைந்திருந்தது. கடைவாய்ப் பல் வருகிறது என்றார் டீச்சரம்மா.

"என்ன, உங்க வண்டி பிரேக்டவுனா?" என்று படிக்கட்டில் கேட்டாள் மனைவி. அதில் கொஞ்சம் குத்தல் இருந்தது, அவனும் அதைக் கவனித்தான்.

"எல்லாம் ஓடும். ரெண்டு நாள் மக்கர் பண்ணுவா, அப்புறம் வழிக்கு வந்துடுவா."

அன்று சாயங்காலம் அவன் உருளைக்கிழங்கு மாமாவை ஏற்றப் பார்த்தபோது, பட்டாணி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "உள்ள எடமில்ல" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் பணிமனைத் தேநீர்க் கடையில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவன் வண்டியின் ஓட்டுநர் பெஞ்சில் தட்டித் தட்டிச் சிரித்தார். "உன் ரத்தம்டா தம்பி. பொறக்கும்போதே கண்டக்டரா பொறந்திருக்கு."

வாரங்கள் போயின. அவள் தொடை வற்றியது. ஜட்டி இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே ஏகப்பட்ட கூட்டம். மருத்துவர் நாக்கை அமுக்கி டார்ச் அடித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நெஞ்சில் குழாயை வைத்தார்.

"எதையாவது முழுங்கினாளா? சாப்பிடும்போது அடைச்சுக்கிச்சா?"

மனைவி யோசிக்காமல் தலையை ஆட்டினாள். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் இவர்தான் பார்த்துக்குவார்."

அவன் வாயில் அந்தச் சாயங்காலம் வந்து நின்றது. ஆனால் அன்று அவள் தண்ணீர் குடித்தாளே, வாயில் ஒன்றும் இல்லையே, இப்போதும் பால் இறங்குகிறதே என்று எல்லாம் சேர்ந்துகொண்டன. மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றான்.

மருத்துவர் சிரித்தார். "பின்ன என்ன? பாலே வயித்தை ரொப்பிடுது. பாலை நிறுத்துங்க. பசிச்சா தானா சாப்பிடும். அது அழுதா நீங்களும் சேர்ந்து அழாதீங்க." ஒரு சத்து மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து பாலை நிறுத்தினான். ரைட்டு விதிமுறைக்காரன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். பட்டாணி பால் வைக்கும் பாத்திரத்தின் அருகில் போய் உட்கார்ந்துகொள்வாள். முதலில் கேட்டாள், பிறகு அழுதாள், பிறகு கேட்பதையும் விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அவன் கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து எதிரே வைப்பான். மனசு கேட்காமல் எழுந்து போவான். "எளக்காரம் குடுத்தா தலையில ஏறி உட்கார்ந்துக்கும். நான் எத்தனை பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன்" என்று கீழேயிருந்து டீச்சரம்மா தைரியம் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வண்டி ஓடும் சத்தம் அந்த வீட்டில் நின்றுபோயிருந்தது.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவன் பொறுமை அறுந்தது. அன்று வழியில் ஒரு பயணியோடு கைகலப்பு வரைக்கும் போய் வந்திருந்தான். தலை விண்ணென்று வலித்தது. பட்டாணி முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவதையும் துப்பினாள். அவன் அவளை மடியில் இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூக்கைப் பிடித்தான். மூச்சுக்காக வாய் திறந்ததும் உருண்டையைத் தள்ளி வாயைப் பொத்தினான். "முழுங்கு. முழுங்குன்னு சொல்றேன்."

அவள் விழுங்கத்தான் பார்த்தாள். அது அவன் கையிலேயே தெரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது, மறுபடி ஏறியது. உடம்பு வில்லாக வளைந்தது. கையை எடுத்தான். சோறு வந்தது. சோற்றோடு ரத்தமும் வந்தது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் இறங்கினான். டீச்சரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, தன் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். தெருவில் ஒரு ஆட்டோவை மறித்து ஏறினான். எந்த ஆஸ்பத்திரி என்று ஓட்டுநர் கேட்டதற்கு அவனுக்குக் குரலே எழும்பவில்லை. கையைத்தான் காட்டினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தவள் சின்னப் பெண். பயிற்சி மருத்துவராக இருக்கலாம். எச்சிலால் நனைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "எப்பலேர்ந்து இப்படி ஒழுகுது?" என்று மட்டும் கேட்டாள். பதில் வருவதற்குள் எக்ஸ்ரே அறைக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெல்லிய எலும்புகளுக்கு நடுவே, கழுத்துக்குச் சற்றுக் கீழே, வட்டமாக, வெள்ளையாக ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுக்க அவன் விரலால் தடவி எடுத்துக் கொடுத்த பொருள்.

"காசு மாதிரி இருக்கே" என்றாள் அந்தப் பெண். "வீட்ல காசு வச்சு விளையாடுவாளா?"

"நான்தாம்மா குடுத்தேன்" என்றான் ரைட்டு.

மனைவி வேலை உடுப்போடு, தலையில் மாட்டும் வலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தபோது, குழந்தையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். நடைபாதையின் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். போன் வந்தது, இருமியது, டப்பாவை மேலே வைத்தது, கிளினிக்கில் இல்லை என்றது, கடைசியாக மூக்கைப் பிடித்தது. எதையும் குறைக்கவில்லை. அவள் அவனைத் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

காசை எடுத்துவிட்டார்கள். வாய் வழியாகக் குழாயை விட்டு எடுக்க வெகுநேரம் பிடித்தது. இத்தனை வாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததால் சுற்றிலும் சதை வளர்ந்து அதைப் பிடித்திருந்தது. அடியில் உணவுக்குழாய் அரித்துப்போய்ப் புண்ணாகியிருந்தது. சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. சில நாள் அவள் பிழைப்பாளா என்று கேட்டால் யாரும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கிய பிறகு பெரிய மருத்துவர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் தாடையைத் தடவிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. பாலையும் நிறுத்திட்டோம்னு சொல்றீங்க. அப்படின்னா இந்தக் குழந்தை எப்பவோ படுத்திருக்கணும். எதை வச்சுத் தாக்குப்பிடிச்சா?"

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் நிறுத்தல டாக்டர்."

ரைட்டு திரும்பிப் பார்த்தான்.

"இவர் வேலைக்குப் போனதும் காலையில குடுத்துடுவேன். மதியம் கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை. முட்டையை அடிச்சு அதுல ஊத்தி வடிகட்டிக் குடுப்பேன். கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்கும்போது என்னால முடியல."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே" என்றான் அவன்.

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? உன்னாலதான் சாயங்காலம் எங்கிட்ட சாப்பிட மாட்டேங்குறான்னு சொல்லியிருப்பீங்க."

அப்படித்தான் சொல்லியிருப்பான். அது அவனுக்கும் தெரிந்தது.

பட்டாணி பிழைத்தாள். ஆனால் புண் ஆறிய இடத்தில் உணவுக்குழாய் சுருங்கிப்போனது. அதை அவ்வப்போது மயக்கம் கொடுத்து விரித்துவிட வேண்டும். வளர வளரச் சரியாகலாம் என்றார்கள். 'லாம்' என்ற அந்த இழுவையை இரண்டு பேரும் கவனித்தார்கள். சாப்பாடெல்லாம் கூழாக அரைத்துத்தான். ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே அவள் அம்மாவின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொள்வாள்.

வீட்டில் ஷிப்ட் மாறியது. மனைவி கம்பெனியில் சண்டை போட்டுக் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். அவள் வரும்வரை அவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, பிறகு சாயங்கால வண்டிக்குக் கிளம்புவான். காலையில் அவனிடம் பட்டாணி விளையாடுவாள், முதுகில் ஏறுவாள், தலைமுடியை இழுப்பாள். கிண்ணமும் ஸ்பூனுமாக அவன் உட்கார்ந்தால் மட்டும் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். காலைக் கூழை மனைவி கிளம்புவதற்கு முன்பே ஊட்டிவிடுவாள். வண்டியில் அவன் இப்போது விசில் ஊதினான். துருப்பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தான். "குரலுக்கு என்னடா ஆச்சு?" என்று ஓட்டுநர் கேட்டதற்கு, தொண்டை சரியில்லை அண்ணே என்றான்.

மனைவி அவனை மன்னித்தாளா என்று கேட்டால், அவளிடம் அதை யாரும் கேட்கவில்லை. வேளாவேளைக்கு அவன் சாப்பாட்டை மூடி வைத்தாள். அவன் சட்டையைத் தேய்த்து வைத்தாள். ஒருநாள் மட்டும், எதற்கோ பேச்சு வந்தபோது, "அன்னைக்கு கிளினிக்ல டாக்டர் கேட்டப்போ நீங்க என் முகத்தைப் பார்த்துட்டுத்தான் இல்லன்னு சொன்னீங்க. அது மட்டும்தான் எனக்குப் போக மாட்டேங்குது" என்றாள். சொல்லிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விட்டாள்.

பட்டாணிக்கு மூன்றரை வயதானபோது மனைவி கடுங்காய்ச்சலில் படுத்தாள். எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றியது. அவன் விடுப்புப் போட்டான். சாயங்காலம் அவனே காய்கறியும் சோறும் வேக வைத்து, மிக்ஸியில் இரண்டு தடவை ஓட்டி, வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றினான்.

"நீங்களே குடுங்க. என்னால எழுந்திருக்க முடியல" என்றாள் அவள் உள்ளறையிலிருந்து.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினான். பட்டாணி கூடத்தில் பாயில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் உருட்டுவதை நிறுத்தினாள். ஒரு பார்வை அம்மா படுத்திருந்த அறைப்பக்கம் போய் வந்தது. அவன் கிண்ணத்தையும் ஸ்பூனையும் அவளுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் பக்கம் பார்க்காமலிருக்க, தன் கால் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேரமாயிற்று. வெளியே விளக்குப் போட்டார்கள். பக்கத்து வீட்டில் யாரோ குளிக்கும் சத்தம் கேட்டது. ஸ்பூன் கிண்ணத்தில் இடித்தது. அவள் தானாகவே எடுத்து, பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, மீதியை வாயில் வைத்தாள். விழுங்குவதற்குக் கழுத்தை லேசாக முன்னால் நீட்டினாள். இப்போதெல்லாம் அவள் அப்படித்தான் விழுங்குகிறாள். இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். பிறகு கிண்ணத்தைத் தள்ளிவிட்டு மூடியை உருட்டப் போய்விட்டாள்.

"சாப்பிட்டாளா?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"ரெண்டு வாய்."

அவன் எழுந்துபோய்க் கிண்ணத்தைப் பாயிலிருந்து நகர்த்தி வைத்தான்.

"போதும், விடுங்க. அப்புறம் கேட்டா பாத்துக்கலாம்."

அவன் ஈரத்துணி எடுத்துவந்து பாயில் சிந்தியதைத் துடைத்தான். கிண்ணத்தில் மீதியிருந்த கூழ் ஆறிப் படிந்துபோயிருந்தது. அதைக் கீழே கொட்ட மனம் வராமல், அடுப்படியில் நின்றபடியே குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான்.